சில்வர் ஓக்கை மொத்தமா விலை பேசிடாதீங்க தம்பி

ஏற்காடு நாகலூர் பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். மூணு ஏக்கர் அராபிகா காப்பி, நடுவுல நிழலுக்காக அப்பா நட்ட 80 சில்வர் ஓக் மரம், 25 வருஷம் ஆச்சு, மிளகுக்கொடி ஏறியிருக்கு. நிழல் அதிகமாகி காப்பி காய்ப்பு குறைஞ்சிடுச்சாம். ஒரு புரோக்கர் வந்து மொத்தமா 4 லட்சம் தர்றேன், பர்மிட்டும் நானே பாத்துக்கறேன்னு சொல்றாராம். வெட்டிட்டு பட்டர் ஃப்ரூட் வைக்கலாமான்னு கேக்கறார்.

வெட்டாதீங்க, அதாவது மொத்தமா வெட்டாதீங்க. நிழல் அதிகம்னா கிளையக் கழிச்சாலே பாதி பிரச்சனை முடிஞ்சிடும். மரத்த எடுத்துட்டா வெயில் நேரா காப்பித் தண்டுல அடிக்கும், வெள்ளைத் தண்டு துளைப்பானுக்கு அதுதான் வேணும், அந்த வண்டு வெயில் படற தண்டாப் பாத்துத்தான் முட்டை வைக்கும், புழு உள்ள புகுந்துட்டா செடிய வேரோட புடுங்கி எரிக்கறத தவிர வேற வழி கிடையாது. மிளகும் கூடவே போயிடும், ஏறி நிக்க மரம் வேணும்ல.

ஒரு விதிவிலக்கு இருக்கு, அத கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன், ஏன்னா நிறைய பேர் இதுலதான் குழம்பறாங்க. உங்க தோட்டத்துல கீழ்ப்பக்கம் எங்கயாவது ரோபஸ்டாங்கற இன்னொரு காப்பி வகை இருந்தா அங்க கணக்கு வேற. ரோபஸ்டாவ இந்தத் துளைப்பான் பெரும்பாலும் தொடறதில்ல, வெயிலும் கூடுதலா தாங்கும், அதனால அந்தப் பக்கம் மரத்த இன்னும் கொஞ்சம் கலைக்கலாம். ஆனா பக்கத்து எஸ்டேட்காரர் ரோபஸ்டால கலைச்சார், நல்லா காய்ச்சுதுன்னு அதப் பாத்து உங்க அராபிகால செஞ்சீங்கன்னா அடுத்தடுத்த வருஷம் செடி ஒண்ணொண்ணா மஞ்சளடிச்சு வாடும். எது எந்தச் செடின்னு தெரியலன்னா இலையப் பாருங்க, ரோபஸ்டா இலை பெருசா, மேல மடிப்பு மடிப்பா இருக்கும், அராபிகா இலை சின்னது, பளபளன்னு இருக்கும். ரெண்டும் கலந்து நின்னா அராபிகான்னே வச்சுக்கோங்க.

இப்ப அந்த 4 லட்சத்துக்கு வர்றேன். மரத்துக்கு 5000 ரூபாய் ஆகுது, கேக்க நல்லாத்தான் இருக்கும். நீங்களே டேப் எடுத்து அளங்க. மரத் துண்டோட நடுச் சுத்தளவ இன்ச்சுல எடுத்து நாலால வகுத்து, வந்தத அதாலயே பெருக்கி, நீளத்த அடிக்கணக்குல எடுத்து அதாலயும் பெருக்கி, 144 ஆல வகுத்தா கன அடி வரும். 48 இன்ச் சுத்து, 20 அடி நீளம்னா 20 கன அடி. அதுக்கு மேல் துண்டு 36 இன்ச், 20 அடின்னா 11 சொச்சம். ஆக ஒரு மரம் 31 கன அடி, அப்ப அவர் தர்றது கன அடிக்கு 160 ரூபாய்தான். சேலத்துல ரெண்டு மூணு மர மில்லுல விலை கேட்டுட்டு வந்து பேசுங்க. இந்தக் கணக்கே வியாபாரிக்கு சாதகமானது, உண்மையில அந்த 20 கன அடித் துண்டுல 25 இருக்கும். அது போதாதுன்னு டேப்ப நடுவுல போடாம நுனிப்பக்கம் போடுவாங்க, 40 இன்ச்னு காட்டினா 20 கன அடி 14 ஆயிடும். பக்கத்துல நின்னு பாக்கலன்னா அவ்வளவுதான்.

பர்மிட்ட நான் பாத்துக்கறேன்னு சொல்றாங்களே, அங்கதான் பெரிய ஆபத்து. ஏற்காடு மலைப்பகுதி, 1955ம் வருஷ மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இங்க இருக்கு, பட்டா நிலமா இருந்தாலும் கலெக்டர் தலைமைல இருக்கற கமிட்டி அனுமதி இல்லாம வெட்டக்கூடாது. விண்ணப்பம் உங்க பேர்லதான் இருக்கணும், வெத்துப் பேப்பர்ல கையெழுத்து கேட்டா வெளிய போகச் சொல்லுங்க. உங்க பர்மிட்ட வச்சுக்கிட்டு எங்கயோ வெட்டுன மரத்த லாரில ஏத்துவான், மாட்டுனா கேஸ் உங்க மேல. பத்தாயிரம் அட்வான்ஸ் குடுத்துட்டு மூணு வருஷம் மரத்த இழுத்தடிக்கறவங்களும் இருக்காங்க, அதனால எந்தத் தேதிக்குள்ள வெட்டணும், எத்தன மரம்னு நம்பர் போட்டு எழுதி வாங்குங்க.

நாமளே நட்ட மரத்த வெட்ட நாமளே மாசக்கணக்கா அலையணும்னா எனக்கும் ஆத்திரமாத்தான் இருக்கு. விஏஓ ஆபீஸ், ரேஞ்சர் ஆபீஸ்னு நடந்து சலிச்சுத்தானே ஜனங்க புரோக்கர்கிட்ட போறாங்க. விண்ணப்பத்த ஒரே இடத்துல வாங்கி, இத்தன நாளுக்குள்ள பதில்னு சொன்னா இந்த ஆளுங்களுக்கு வேலையே இருக்காது.

பட்டர் ஃப்ரூட் தாராளமா வைங்க, ஆனா ஒட்டுக்கன்னு, தண்ணி தேங்காத சரிவுல. தேங்குனா வேர் அழுகிடும். மொதல்ல காலியா இருக்கற இடத்துலயும் ஓரத்துலயும் வச்சு, அது நிழல் குடுக்கற அளவுக்கு வளந்த பிறகு வருஷத்துக்கு அஞ்சாறு சில்வர் ஓக்கா எடுங்க. இடைநிழலுக்கு கல்யாண முருங்கைக் கம்பு ஊனிக்கலாம், சீக்கிரம் துளிர்க்கும், இலை உரமாயிடும்.

இந்த வருஷத்துக்கு கோடை மழை விழுந்ததும், பெருமழை பிடிக்கறதுக்கு முன்னாடி சில்வர் ஓக்கோட பக்கக் கிளைய மட்டும் கழிங்க, உச்சிய வெட்டிடாதீங்க, ஏறுற ஆள்கிட்ட மிளகுக்கொடி பத்திரம்னு மொதல்லயே சொல்லிடுங்க.