முக்காடு போதுமா, முகத்திரையும் வேண்டுமா?

கேள்வி: ஐயம்பேட்டையில் பிறந்து கூத்தாநல்லூரில் வாழ்க்கைப்பட்டவள் நான், வயது 26. மன்னார்குடியில் ஒரு தனியார் பள்ளியில் கணித ஆசிரியையாக இருக்கிறேன். புர்காவும் முக்காடும் நானே விரும்பி அணிபவை. முகத்தையும் மூடினால்தான் வேலைக்குப் போகலாம் என்கிறார் மாமி. வகுப்பில் முகம் தெரிய வேண்டும் என்கிறது பள்ளி. துபாயில் இருக்கும் கணவர், ‘அம்மா சொல்வதைக் கேள்’ என்கிறார். மார்க்கமும் சட்டமும் என்ன சொல்கின்றன?

பதில்: மார்க்கத்திலிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் உங்கள் வீட்டில் எடுபடப்போவது அதுதான். முக்காட்டை மார்பின் மீது போட்டுக்கொள்ளச் சொல்லும் வசனம் குர்ஆனின் அந்நூர் அத்தியாயத்தில் 31ஆவது; அதற்கு முந்தைய 30ஆம் வசனம், ஆண்கள் தங்கள் பார்வையைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும் என்கிறது. (மார்க்கச் சொற்பொழிவுகளான பயான்களில் முக்காட்டு வசனத்தைக் கேட்கும் அளவுக்கு, ஆண்களின் பார்வை பற்றிய வசனத்தை நான் கேட்டதில்லை.) அதே 31ஆம் வசனத்தில் வரும் ‘வெளியே தெரியக்கூடியதைத் தவிர’ என்ற சொற்களுக்கு முகமும் கைகளும் என்றே பலர் பொருள் கொண்டார்கள். நம் பக்கத்து ராவுத்தர் குடும்பங்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்ட மரபில்) முகம் மறைக்க வேண்டிய பகுதியில் சேராது. ஆனால் பிற்கால ஹனஃபி அறிஞர்கள் பலர், குழப்பத்துக்கு அஞ்சி, இளம்பெண்கள் முகத்தையும் மூட வேண்டும் என்றார்கள். ஆகவே உங்கள் மாமி சொல்வது ஆதாரமற்றது என்று வாதாடாதீர்கள்; அது இரண்டு கருத்துகளில் ஒன்று, மற்றதைப் பின்பற்றுபவளும் மார்க்கத்துக்குள்தான் நிற்கிறாள் என்று சொல்லுங்கள். அவர் ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ போய் வந்தவராக இருந்தால், இஹ்ராமில், அதாவது அந்தப் புனிதப் பயணத்துக்கான கட்டுப்பாட்டு நிலையில், இருக்கும் பெண் நிகாப் (முகத்திரை) அணியக் கூடாது என்ற நபிமொழி அவருக்கே தெரிந்திருக்கும்.

வழக்கத்தையும் நினைவூட்டலாம். என் நன்னி (பாட்டி) சேலைக்கு மேல் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்தி, அதன் ஓரத்தைக் கன்னத்தோடு ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் தெருவில் நடப்பார். எதிரே ஆண் வந்தால் அந்தக் கை சற்று மேலே போகும், கடந்துவிட்டால் தானே இறங்கும். எவ்வளவு மூடுவது என்பது அந்தக் கையில்தான் இருந்தது. கறுப்பு புர்கா எங்கள் தெருவில் பரவலானது வளைகுடாப் பயணங்களுக்குப் பிறகுதான். அதைக் குறையாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த இளம் வழக்கறிஞர் ஒருவர், வீட்டார் தடுத்தும், தாமாகவே நிகாப் அணிகிறார், அதைக் கழற்றச் சொல்பவர்களிடமும் இதே கண்டிப்போடுதான் பேசுவேன்.

சட்டத்தைப் பொறுத்தவரை, அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு தரும் மதச் சுதந்திரம் முதன்மையாக அரசுக்கு எதிரான உரிமை. மாமியாரிடம் அதைக் காட்டிப் பயனில்லை. கர்நாடக ஹிஜாப் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் 2022 அக்டோபர் 13 அன்று மாறுபட்ட தீர்ப்புகளை வழங்கினார்கள் என்றாலும், அது மாணவிகளின் சீருடை பற்றியது, உங்கள் சிக்கலுக்கு நேராகப் பொருந்தாது. உங்களுக்கு உதவக்கூடியது 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். பார்த்துக்கொண்டிருக்கும் வேலையைத் தொடரவிடாமல் தடுப்பது, அச்சட்டத்தின் கீழ் பதிவாகும் புகார்ப் படிவத்திலேயே பொருளாதார வன்முறைக்கான எடுத்துக்காட்டாக இடம்பெற்றிருக்கிறது. மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரை அணுகலாம்; 181 என்ற எண்ணிலும் பேசலாம். ஆனால் இன்றைய நிலையில் அந்தப் படியை நீங்கள் ஏற வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

முதலில் பேச வேண்டியவர் கணவர். ‘உங்கள் அம்மா இப்படிச் சொல்கிறார்’ என்று தொடங்கினால் அவர் தாயின் பக்கம்தான் சாய்வார்; ‘நான் என்ன உடுத்துகிறேன் என்பதில் உங்கள் சொந்தக் கருத்து என்ன’ என்று கேளுங்கள். பேருந்தில் நிகாப், பள்ளி வாசலில் கழற்றிவிடுவது என்ற சமரசத்தைப் பலர் சொல்வார்கள். உங்களுக்கே அது வசதி என்று பட்டால் செய்யலாம். பயந்து ஒப்புக்கொள்வதாக இருந்தால் வேண்டாம், அடுத்த பேச்சு வேலையைப் பற்றியே வரும். எதற்கும் பணி நியமன ஆணை, பட்டச் சான்றிதழ்கள், சம்பளம் வரவாகும் வங்கிக் கணக்கின் புத்தகம் ஆகியவற்றை உங்கள் கைவசமே வைத்திருங்கள். அடுத்த முறை ஐயம்பேட்டைக்குப் போகும்போது அவற்றின் நகல்களை உங்கள் அத்தாவிடம் கொடுத்து வையுங்கள்.