இழுத்துக் கட்டினால் வழுக்காதா?

அன்புள்ள ஐயா,

என் பந்தயக் காரின் ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) 8 ரிப் பெல்ட்டில், அதாவது நீளவாக்கில் எட்டு வரிகள் உள்ள பெல்ட்டில் ஓடுகிறது. வேகம் போதவில்லை என்று அதன் புல்லியைச் சின்னதாக மாற்றினேன். 5500 ஆர்பிஎம் வரை பூஸ்ட், அதாவது அது தரும் காற்றழுத்தம், நன்றாக ஏறி 10 பிஎஸ்ஐ காட்டுகிறது. 7000 தொடுவதற்குள் 7-க்கு இறங்கிவிடுகிறது. பெல்ட்டை இரண்டு முறை இழுத்துக் கட்டினேன். பூஸ்ட் மாறவில்லை, புதிதாக ஒரு ஊளைச் சத்தம்தான் மிச்சம். பல் வைத்த பெல்ட்டுக்கு மாறிவிடலாமா?

கே.

அன்புள்ள கே.,

முதலில் பெல்ட்டைத் தளர்த்துங்கள். அந்த ஊளை அநேகமாக சூப்பர்சார்ஜரின் முன் பேரிங். பெல்ட் அறுந்தால் ஒரு ஓட்டம்தான் போகும். பேரிங் போனால் உள்ளே சுழலும் ரோட்டர்கள் உரசி, அந்த அலுமினியத் தூளை எஞ்சின் விழுங்கும்.

ரிப் பெல்ட் இழுப்பது உராய்வால். எவ்வளவு இழுக்கும் என்பதை, அது புல்லியை எத்தனை பாகை சுற்றி அணைத்திருக்கிறது என்பதும் தீர்மானிக்கிறது. அரைவட்டம், அதாவது 180 பாகை அணைத்திருக்கும்போது இறுக்கப் பக்கத்து இழுவிசை தளர்ந்த பக்கத்தைப்போல 5 மடங்கு வரை தாங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அணைப்பு 120 பாகையானால் அது 3 மடங்குக்கும் கீழே போய்விடும். புல்லியைச் சின்னதாக்கியபோது நீங்கள் அணைப்பைக் குறைத்தீர்கள், கூடவே சூப்பர்சார்ஜர் கேட்கும் சக்தியையும் கூட்டிவிட்டீர்கள்.

சரி, ஏன் 5500-க்கு மேல் மட்டும்? பெல்ட்டை ஓட்டும் கிராங்க் புல்லி (எஞ்சினின் முதன்மைத் தண்டில் உள்ளது) 150 மி.மீ. விட்டம் என்றால் 7000 ஆர்பிஎம்மில் பெல்ட் வினாடிக்கு 55 மீட்டர் ஓடுகிறது. அந்த வேகத்தில் அது புல்லியை விட்டு வெளியே விலகப் பார்க்கும். இந்த விலகுவிசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவது. 5500-இல் இருந்ததைவிட 7000-இல் 60 சதவீதத்துக்கும் மேல் அதிகம். பிடி தளர்வதும் சூப்பர்சார்ஜர் கூடுதலாகக் கேட்பதும் ஒரே நேரத்தில் நடக்கிறது.

ஆகவே அணைப்பைக் கூட்டுங்கள். கிராங்கிலிருந்து வெளியேறி சூப்பர்சார்ஜருக்குப் போகும் பக்கம்தான் தளர்ந்த பக்கம். ஐட்லரை (பெல்ட்டை அழுத்திப் பிடிக்க மட்டும் சுழலும் சக்கரத்தை) அங்கே, பெல்ட்டின் முதுகை அழுத்தும்படி, சூப்பர்சார்ஜர் புல்லிக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வையுங்கள். அப்போதும் போதவில்லை என்றால் 10 ரிப்புக்குப் போகலாம், ஆனால் எல்லாப் புல்லிகளையும் மாற்ற வேண்டியிருக்கும்.

பெல்ட்டையும் கழற்றிப் பாருங்கள். பழைய நியோப்ரீன் ரப்பர் பெல்ட்டுகள் விரிசல் விட்டுக் காட்டிக்கொடுத்தன. இப்போதைய ஈபிடிஎம் ரப்பர் அப்படியில்லை, டயர்போலத் தேயும். ரிப்புகளுக்கு நடுவிலுள்ள பள்ளம் அகன்று, பெல்ட் புல்லியின் அடியைத் தொட்டுவிட்டால் ஆப்பு மாதிரி பிடிக்கும் குணமே போய்விடும். பார்வைக்கு அது புதிது போலவே இருக்கும். பள்ளத்தை அளக்கும் அளவுகோலை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். புல்லிகளைச் சுற்றிக் கறுப்புத் தூள் படிந்திருந்தால் வழுக்கலுக்கு வேறு சாட்சி வேண்டாம். பெல்ட்டில் பூசும் பசை ஸ்ப்ரே எதையும் வாங்கிவிடாதீர்கள். அது தூளைப் பிடித்துவைப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாது.

பல் பெல்ட் வழுக்காது, உண்மைதான். எனக்கு அதில் உள்ள பயமும் அதுவேதான். கியர் மாற்றும்போது எஞ்சின் சட்டென்று வேகம் குறைகிறது, ரோட்டர்களோ சுழன்றுகொண்டே போகப் பார்க்கின்றன. ரிப் பெல்ட் அந்த அதிர்ச்சியைக் கொஞ்சம் வழுக்கி விழுங்கிக்கொள்ளும். பல் பெல்ட் அதை அப்படியே கிராங்கின் மூக்குக்கும் (முன்முனைக்கும்), அதில் புல்லியைப் பூட்டிவைக்கும் சாவித் துண்டுக்கும் கொண்டுபோகும். மாறத்தான் போகிறீர்கள் என்றால் குளிர்ந்த எஞ்சினில் அதைக் கொஞ்சம் தளர்வாகவே விடுங்கள். அலுமினியம் சூடேறி விரியும்போது தானாக இறுகும். கண்ணாடி நார் உள்ள பெல்ட்டை மடித்துப் பெட்டிக்குள் திணித்தும் வைக்காதீர்கள், உள்ளே நார் முறிந்தது வெளியே தெரியாது.

ஐட்லரை நகர்த்தி, புது பெல்ட் போட்டு, மறுபடி 7000 வரை ஓட்டிப் பாருங்கள். அப்போதும் பூஸ்ட் இறங்கினால் பெல்ட்டைக் குறை சொல்லாதீர்கள். காற்றைத் திருப்பிவிடும் பைபாஸ் வால்வும் காற்று வடிகட்டியும் இன்னும் பார்க்கப்படாமல் இருக்கின்றன.