கரண்டியில் 84 என்று இருந்தால் வெள்ளியா?

பாரிஸ் பக்கம் குடியிருக்கும் வாசகர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமைப் பழஞ்சாமான் சந்தையில் 12 கரண்டி, 12 முள்கரண்டி, கூடவே ஒரு பிடி சின்னக் கரண்டி எல்லாம் ஒரே பெட்டியாக வாங்கியிருக்கிறார். பின்பக்கம் தராசு போட்ட முத்திரை, பக்கத்தில் 84 என்ற எண். '84 சதவீதம் வெள்ளி' என்று விற்றவர் அடித்துச் சொன்னாராம். உண்மையா, யார் செய்தது, எந்தக் காலத்தது என்று படங்களோடு கேட்டிருக்கிறார்.

சதவீதம் இல்லை, கிராம். 12 கரண்டியும் 12 முள்கரண்டியும் சேர்ந்த 24 உருப்படிக்கு மொத்தம் 84 கிராம் வெள்ளி முலாம் ஏற்றியிருக்கிறோம் என்பதுதான் அதற்கு அர்த்தம். வகுத்துப் பாருங்கள், ஒன்றுக்கு மூன்றரை கிராம். மீதியெல்லாம் உள்ளே இருக்கும் மலிவான உலோகம். பெரும்பாலும் செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த மையஷோர். பெயருக்குக்கூட அதில் வெள்ளி கிடையாது, ஆனால் நிறம் மட்டும் வெள்ளி மாதிரியே இருக்கும். இந்த 84-இல் நானும் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன், பழைய ரஷ்ய வெள்ளியில் இதே எண் 875 தரத்தை, அதாவது ஆயிரத்தில் 875 பங்கு வெள்ளியைக் குறிக்கும் என்று எங்கோ படித்த அரைகுறை ஞானத்தில் காசைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தால் பிரெஞ்சு முலாம்.

அன்றிலிருந்து எண்ணைக் கடைசியில்தான் பார்ப்பேன். முத்திரைக்குள் இருக்கும் படத்தைக்கூட அப்புறம் பார்க்கலாம், முதலில் பார்க்க வேண்டியது அதைச் சுற்றியிருக்கும் சட்டத்தின் வடிவம். 1797-இல் வந்த பிரெஞ்சுச் சட்டப்படி, கெட்டி வெள்ளி செய்பவரின் முத்திரை சாய்சதுரத்துக்குள் இருக்க வேண்டும், சீட்டுக்கட்டு டைமண்ட் மாதிரி. முலாம் செய்பவருடையது சதுரத்துக்குள். தேய்ந்துபோன முத்திரையில் எழுத்து தெரியாவிட்டாலும் இந்த ஓரம் பெரும்பாலும் தெரிந்துவிடும். கெட்டி வெள்ளியில் இன்னொன்றும் கூட இருக்கும்: 1838 முதல் அரசாங்கம் குத்தும் மினர்வா தலை, தலைக்கவசம் போட்ட பெண்ணின் பக்கவாட்டு முகம். முலாமில் அது வரவே வராது.

உங்கள் தராசுக்கு வருவோம். தராசின் இரண்டு பக்கமும் சி, சி என்று இருந்தால் அது கிறிஸ்தோஃப்ள். 1830-இல் தொடங்கிய நிறுவனம், 1842-இல் மின்முலாம் பூசும் காப்புரிமையை வாங்கி ஐரோப்பாவின் சாப்பாட்டு மேசைகளையே பிடித்துக்கொண்டது. 1935-க்குப் பிறகு முத்திரை மாறிவிட்டது: ஓ, சி எழுத்துகளுக்கு நடுவே சதுரங்கக் குதிரை. ஆகவே உங்களுடையது அதற்கு முந்தையது. பெட்டியில் ஒன்றிரண்டில் குதிரை தெரிகிறதே, அவை பின்னால் யாரோ குறைந்ததற்குச் சேர்த்தவை. இன்னொன்றில் பாதி மனிதன் பாதி குதிரை நிற்கிறான் பாருங்கள், அது எர்க்விஸ் நிறுவனம், 1867-இல் ஒரு பாதிரியார் அதே பெயருள்ள ஊரில் தொடங்கியது. பெட்டி ஒன்றுதான், கரண்டிகள் ஒரே வீட்டுப் பிள்ளைகள் இல்லை.

பிடியில் கொடி மாதிரிப் பின்னிக் கிடக்கும் ஜே. எல். எழுத்துகளில் செய்தவரைத் தேடாதீர்கள். அது சொந்தக்காரரின் பெயர். பிரான்ஸில் முள்கரண்டியைக் கவிழ்த்து வைப்பதுதான் பழைய வழக்கம், அதனால்தான் எழுத்து பின்பக்கம் இருக்கிறது.

முத்திரை சரியாகத் தெரியவில்லை என்றால் பாலிஷ் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், ஏற்கெனவே மெலிந்த முலாம், முத்திரையோடு போய்விடும். கொஞ்சம் முகப்பவுடரை விரலால் தடவித் துடைத்துவிட்டு, போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். பள்ளத்தில் வெள்ளை தங்கி எழுத்து எழும்பி வரும். நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று இருந்தால் போதும். காந்தம் வைத்துப் பார்ப்பது வீண், வெள்ளியும் ஒட்டாது, மையஷோரும் ஒட்டாது. அதைவிடக் கரண்டிக் குழியின் அடிப்பக்கத்தையும் முள்ளின் நுனியையும் பாருங்கள், மேசையில் உரசி உரசி அங்கேதான் முலாம் முதலில் பல்லிளிக்கும். உங்கள் படங்களில் நாலைந்து கரண்டியில் மஞ்சள் தட்டுகிறது. உருக்கி வெள்ளி எடுக்கலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள், மறுமுலாம் போடும் செலவும் பெட்டியின் விலையைத் தாண்டிவிடும். தினமும் சாப்பிடப் பயன்படுத்துங்கள், நன்றாக உழைக்கும்.

ஆனால் ஏழாவது படத்தில் இருக்கும் அந்தச் சின்னக் கரண்டியை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். அதில் இருக்கும் சட்டம் சதுரமில்லை, சாய்சதுரம். தண்டில் புள்ளி மாதிரித் தெரிவது மினர்வாவாக இருந்தால், அவள் நெற்றிக்கு முன்னால் 1 இருக்கிறதா, மோவாய்க்குக் கீழே 2 இருக்கிறதா என்று லென்ஸில் பார்த்துச் சொல்லுங்கள். பழைய கரண்டியில் 1 என்றால் 950 தரம், 2 என்றால் 800.