ஹாப்ஸ் கொடி: விதையா, வேர்த்துண்டா?

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில், பீர் தயாரிக்கப் பயன்படும் ஹாப்ஸ் கொடியை வளர்க்க ஆசை. 50 விதைகள் உள்ள பொட்டலம் மலிவாகக் கிடைக்கிறது. ஒரே ஒரு வேர்த்துண்டின் விலை அதைப்போலப் பல மடங்கு. விதையே வாங்கிவிடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். ஹாப்ஸில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. பீருக்கு மணமும் கசப்பும் தரும் கூம்பு வடிவப் பூங்கொத்துகள் பெண் கொடியில்தான் வரும். விதையிலிருந்து முளைத்தது ஆணா பெண்ணா என்பது பூக்கும்வரை தெரியாது. பெண்ணாகவே அமைந்தாலும் தாய்க்கொடியின் மணம் அதில் அப்படியே வராது. இன்னொரு சிக்கலும் உண்டு. விதையாக விற்கப்படுவது சில சமயம் ஜப்பானிய ஹாப்ஸாக இருக்கும். அது அழகுக்கு வளர்க்கும் ஓராண்டுக் கொடி. நல்ல கூம்பைப் பிய்த்தால் விரலில் ஒட்டுமே லுபுலின் என்ற மஞ்சள் பொடி, அது இதில் இல்லையென்றே சொல்லலாம்.

வேர்த்துண்டு என்பது பெயர் தெரிந்த ஒரு பெண் கொடியிலிருந்தே வெட்டப்பட்டது. நீங்கள் கொடுக்கும் கூடுதல் விலை அந்த உறுதிக்குத்தான். பார்சல் வந்த அன்றே பிரித்துப் பாருங்கள். பென்சில் தடிமன், ஒரு சாண் நீளம், வெளிர் நிறத்தில் இரண்டு மூன்று மொட்டுகள் இருந்தால் நல்ல துண்டு. நகத்தால் அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும். கொழகொழத்தாலோ பூஞ்சை வாடை அடித்தாலோ நடுவதற்கு முன்பே படம் எடுத்துப் புகார் செய்யுங்கள். மண்ணுக்குள் போன பிறகு அது உங்கள் தவறா, விற்றவர் தவறா என்று யாராலும் நிரூபிக்க முடியாது. வேர்த்துண்டு குளிர்காலக் கடைசியில்தான் விற்பனைக்கு வரும். மற்ற மாதங்களில் தொட்டிச் செடியே நல்லது.

கேள்வி: ஒருவர் 'சிட்ரா' ரக வேர்த்துண்டு தருவதாகச் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். சிட்ரா, மொசைக் போன்றவை தனியுரிமை ரகங்கள். உரிமம் பெற்ற பண்ணைகளில் மட்டுமே பயிராகின்றன, வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு விற்கப்படுவதில்லை. ஆகவே அவர் காட்டும் பெயர்ச்சீட்டு பொய்யாக இருக்க வேண்டும், அல்லது அந்த வேர் உரிமையில்லாமல் வந்திருக்க வேண்டும். அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வில் உருவாகி 1972-இல் வெளியான 'கேஸ்கேட்' யாரும் வளர்க்கக்கூடிய ரகம். வீரியமாகப் படரும், முதல்முறை வளர்ப்பவருக்கு ஏற்றது.

கேள்வி: முதல் ஆண்டில் கைப்பிடி கூம்புதான் கிடைத்தது. விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: அது நியாயமாகாது. முதல் ஆண்டு கொடியின் பலமெல்லாம் வேருக்குப் போகும். முழு விளைச்சலுக்கு மூன்றாம் ஆண்டுவரை பொறுத்திருங்கள். ஆனால் 'எந்த ஊரிலும் காய்க்கும்' என்று எழுதி விற்றிருந்தால் கட்டாயம் கேளுங்கள். ஹாப்ஸ் பொதுவாக 35 முதல் 55 பாகை வரையான அட்சரேகைகளில் செழிக்கும் பயிர். கோடையில் நீண்ட பகலும், வேர் உறங்கக் குளிரும் அதற்கு வேண்டும். பகல் குறுகிய இடங்களில் கொடி உயரும் முன்பே பூத்துவிடுகிறது. அதைச் சொல்லாமல் விற்பது ஏமாற்றுதான்.

கேள்வி: கொடி ஏற நைலான் வலை வாங்கலாமா?

பதில்: வலையை விடத் தென்னை நார்க் கயிறு நல்லது. கொடித்தண்டின் கொக்கி போன்ற முடிகள் அதன் சொரசொரப்பை இறுகப் பற்றும். அறுவடை முடிந்ததும் கயிற்றோடு வெட்டி உரக்குழியில் போட்டுவிடலாம். வலையில் சிக்கிய காய்ந்த கொடியைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. ஐந்தாறு மீட்டர் உயரத்துக்குக் கட்டுங்கள்.

வீட்டில் நாய் இருந்தால் வேலியையும் சேர்த்தே வாங்குங்கள். ஹாப்ஸ் கூம்பைத் தின்ற நாய்க்கு உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறும், உயிரே போகலாம். தின்றது தெரிந்தால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.