ஏற்றத்தில் எஞ்சின் 'டக் டக்' என்று அடிக்கிறது, எஞ்சினை இறக்கித்தான் ஆக வேண்டுமா?

டர்போ பெட்ரோல் கார், ஏற்றத்தில் மிதித்தால் சத்தம், செக் எஞ்சின் விளக்கு எரியவில்லை, மெக்கானிக் காதால் கேட்டுவிட்டு "ராட் (பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கம்பி) போச்சு, எஞ்சினை இறக்கணும்" என்கிறார். இதுதானே கேள்வி? ஆயில் விளக்கு மினுக்கினால் மட்டும் அந்த இடத்திலேயே வண்டியை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் அவசரப்பட வேண்டாம்.

சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட எப்போது வருகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பட்டுத் தெரிந்துகொண்டது இது. என் பழைய வண்டியில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று அடிக்கும், பத்து நிமிடத்தில் நின்றுவிடும். டேப்பட் (வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம்) என்று சொல்லி அத்தனையையும் மாற்றினார்கள். மறுநாள் காலை மறுபடியும் டிக் டிக். கடைசியில் பார்த்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட்டின் (எஞ்சினும் புகைக்குழாயும் சேரும் இடத்து அடைப்புத் தகட்டின்) ஓரத்தில் நகத்தளவுக்கு ஒரு கரிக்கோடு! புகை கசிந்த தடம். எஞ்சின் சூடானதும் இரும்பு விரிந்து இடைவெளியை அடைத்துவிடும், சத்தமும் போய்விடும்.

இப்போது உண்மையான நாக்கிங்குக்கு, அதாவது கலவை தவறாக வெடித்து எழுப்பும் சத்தத்துக்கு வருவோம். பிளக் பொறி விட்டதும் தீ ஒரு பக்கத்திலிருந்து பரவுகிறது. அது வந்து சேர்வதற்குள், மூலையில் மிச்சமிருக்கும் கலவை அழுத்தத்திலும் சூட்டிலும் தானாகவே வெடித்துவிடுகிறது. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போலக் கேட்கும். சூடான எஞ்சினில், பாரம் இழுக்கும்போதுதான் வரும்.

ஆனால் இன்றைய வண்டிகளில் இதை நம் காதுக்கு முன்பே நாக் சென்சார் பிடித்துவிடும். எஞ்சின் பிளாக்கில் போல்ட் போட்டு இறுக்கிய ஒரு சின்ன வில்லை, அவ்வளவுதான். நாக்கிங்கின் அதிர்வு (பெரும்பாலான கார்களில் 6,000 - 7,000 ஹெர்ட்ஸ் வாக்கில்) வந்ததும் கம்ப்யூட்டர் பொறி விடும் நேரத்தைச் சில டிகிரி பின்தள்ளிவிடும். அதனால் நமக்குச் சத்தம் கேட்காது. இழுவை குறையும், மைலேஜ் குறையும். சத்தம் நன்றாகவே கேட்கிறது என்றால் சென்சார் வேலை செய்யவில்லை, அல்லது பின்தள்ளியும் போதவில்லை, அல்லது அது நாக்கிங்கே இல்லை.

விளக்கு எரியவில்லை என்பதை மட்டும் நம்ப வேண்டாம். நாக் சென்சாரின் வயர் அறுந்தால் கம்ப்யூட்டரில் பி0325 போன்ற பிழைக் குறியீடு வரும். ஆனால் யாராவது சென்சார் போல்ட்டைத் தாறுமாறாக முறுக்கியிருந்தால், குறியீடே வராமல் சென்சாரின் காது மந்தமாகிவிடலாம். பல வண்டிகளில் அதற்கு 20 நியூட்டன் மீட்டர் வாக்கில்தான் இறுக்கம்.

ஆகவே ஸ்கேனரை (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவியை) மாட்டி, அதே ஏற்றத்தில் ஓட்டி, இக்னிஷன் டைமிங்கை, அதாவது பொறி விடும் நேரத்தைப் பாருங்கள். சத்தம் வரும் நேரத்தில் பொறி பின்னுக்குப் போனால் நாக்கிங்காக இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்து ஒரு டேங்க் அதிக ஆக்டேன் (எளிதில் தானாக வெடிக்காத) பெட்ரோல் போட்டுப் பார்க்கலாம். சத்தம் குறைந்தால் கார்பன் படிவு, பொருந்தாத பிளக், கூலன்ட் சூடு, பெட்ரோல் குறைவான கலவை என்று தேடுங்கள். துளியும் மாறவில்லையா? ஏதாவது பிராக்கெட் லூஸாகி, அதன் ஆட்டத்தையே நாக்கிங் என்று சென்சார் ஏமாறுகிறதா என்று பாருங்கள். இதுவும் நடக்கிற கதைதான்.

டர்போ என்பதால் இன்னொன்று. உயர்ந்த கியரில், 2,000 ஆர்.பி.எம்.முக்கும் கீழே, காலை முழுக்க அழுத்தி ஏற்றம் ஏறினால், பொறி விடுவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளலாம். தொடர்ச்சியாக அடிக்காது, திடீரென்று ஒன்றிரண்டு பலத்த அடி விழும். பொறிக்கு முன்பே நடப்பதால் நேரத்தைப் பின்தள்ளியும் பயனில்லை, பிஸ்டனே உடையக்கூடும். இதைத் தடுக்கத்தான் 2020இல் வந்த ஏபிஐ எஸ்பி (அமெரிக்க பெட்ரோலிய அமைப்பின் தரக்குறி) தர எஞ்சின் ஆயிலில் சோதனையே வைத்திருக்கிறார்கள். அந்த ஆயில் உங்கள் வண்டிக்கு ஏற்றதா என்று கையேட்டில் பாருங்கள். ஏற்றத்தில் ஒரு கியர் இறக்குங்கள்.

சரி, ராட் அடித்தால் எப்படி இருக்கும்? கனத்த, அடிவயிற்றுச் சத்தம். எஞ்சின் சூடாகி ஆயில் இளகினால் கூடும், ஆர்.பி.எம்.மோடு சேர்ந்து வேகமெடுக்கும். ஸ்கேனர் வழியாக ஒவ்வொரு சிலிண்டராக இன்ஜெக்டரை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலைப் பிடுங்கிப் பார்க்க விடாதீர்கள், எரியாத பெட்ரோல் போய் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும். ஒரு சிலிண்டரை நிறுத்தியதும் சத்தம் அமுங்கினால் சந்தேகம் அந்த ராட் மேல்தான். அப்புறம் ஆயில் ஃபில்டரைக் கழற்றி, வெட்டி, உள்ளே இருக்கும் தாளை வெயிலில் விரித்துப் பாருங்கள். செம்பு நிறத்தில் துகள்கள் மினுக்கினால் உங்கள் மெக்கானிக் சொன்னதுதான் சரி, எஞ்சினை இறக்கிவிடலாம்.