பேனாவா, பம்ப்பா? பிள்ளைகளின் இன்சுலின் பற்றிச் சில கேள்விகள்

மகளுக்கு 13 வயது, டைப் 1 சர்க்கரை. தினமும் நாலு ஊசி. பம்ப் வாங்கிக் கொடுத்தால் நிம்மதியாக இருப்பாளா? (ஒரு தாய், திருநெல்வேலி)

அவளிடம் கேட்டீர்களா அம்மா? பம்ப் என்பது உடம்போடு ஒட்டியிருந்து, மெல்லிய குழாய் வழியாக இன்சுலினை ஏற்றிக்கொண்டே இருக்கும் சின்னக் கருவி. பொதுவாக, அதை வைத்திருக்கும் பிள்ளைகள் ஊசி போடுபவர்களைவிடத் திருப்தியாக இருப்பதாகத்தான் ஆய்வுகள் சொல்கின்றன. சாப்பாட்டு நேரம் முன்னே பின்னே ஆனாலும் சமாளிக்கலாம். குத்துவதும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறைதான். தோலில் ஒட்டிச் சர்க்கரையை அளக்கும் சென்சாரோடு சேர்ந்து தானே அளவை ஏற்றி இறக்கும் பம்ப் என்றால், இரவில் நீங்களும் கொஞ்சம் தூங்கலாம்.

ஆனால் அது நாள் முழுக்க உடம்போடு ஒட்டியிருக்கும். யூனிஃபார்முக்குள் துருத்தும், வகுப்பு நடுவே அலாரம் அடிக்கும். தட்டில் எத்தனை இட்லி என்று பார்த்து மாவுச்சத்தைக் கணக்கிட்டு, பட்டனை அழுத்த வேண்டியதும் அவள்தான். இது பிடிக்காமல், பேனா வடிவ இன்சுலின் ஊசிக்கே திரும்பிய பிள்ளைகள் உண்டு. அதைத் தோல்வி என்று நினைக்கவே கூடாது.

வாங்கினால் ஒன்றை மறக்காதீர்கள். பம்ப்பில் இருப்பது வேகமாக வேலை செய்யும் இன்சுலின் மட்டும். குழாய் அடைத்துக்கொண்டால் சில மணி நேரத்திலேயே, இன்சுலின் இல்லாதபோது ரத்தத்தில் சேரும் கீட்டோன் என்ற ஆபத்தான அமிலம் ஏறத் தொடங்கும். சர்க்கரை 250-ஐத் தாண்டி இறங்காமல் நின்றால் கீட்டோன் பாருங்கள், பேனாவில் ஊசி போடுங்கள், குழாயை மாற்றுங்கள். வாந்தி வந்தால் உடனே மருத்துவமனை. அதனால் பம்ப் வந்தபிறகும் வீட்டில் பேனா இருக்கவேண்டும். விலை விசாரிக்கும்போது மாதாமாதம் வாங்கவேண்டிய குழாய், சென்சார் செலவையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஹாஸ்டலில் இருக்கிறேன். மதிய ஊசியை அடிக்கடி விட்டுவிடுகிறேன். டாக்டரிடம் சொல்லப் பயம். (கல்லூரி மாணவர், கோவை)

சொல்லிவிடுங்கள் தம்பி. விட்ட ஊசி தெரியாமல் அவர் அளவைக் கூட்டினால், ஒழுங்காகப் போடும் நாளில் உங்களுக்குத் தாழ்சர்க்கரை வரும். சிகிச்சை எவ்வளவு வசதியாக இருக்கிறது, இதையே தொடர விருப்பமா என்று நோயாளியிடமே கேட்க டி.டி.எஸ்.க்யூ என்றொரு கேள்விப் படிவம் உண்டு. பதின்வயதினருக்குத் தனி வடிவமும் இருக்கிறது. கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி எண்ணைக் கேட்கும் அளவுக்கு இதையும் டாக்டர்கள் நாங்கள் கேட்டாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் சிக்கல் மருந்தா, மெஸ்ஸில் எல்லார் முன்னாலும் சட்டையைத் தூக்கும் கூச்சமா? கூச்சம்தான் என்றால் பேனாவும் 4 மி.மீ. ஊசியும் பெரிய உதவி. அறையிலேயே போட்டுக்கொண்டு உடனே சாப்பிடப் போகலாம். மெஸ்ஸில் நீண்ட வரிசை நிற்கும் நாளில் மட்டும் தட்டு கைக்கு வந்தபிறகு போடுங்கள்.

பேனா பழுதானால், அதன் மருந்தைச் சாதாரண சிரிஞ்சில் எடுக்கலாமா?

கூடாது. நம் ஊர்க் குப்பிகள் பலவற்றில் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் பெரும்பாலும் 100. 40 யூனிட் குப்பிக்கான சிவப்பு மூடி சிரிஞ்சில் பேனா மருந்தை 10 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். உயிருக்கே ஆபத்து. மாற்றுப் பேனா ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

வயிற்றில் ஒரே இடத்தில் போட்டால் மகனுக்கு வலிப்பதில்லையாம். அங்கே மெத்தென்று வீங்கியிருக்கிறது.

கொழுப்புக் கட்டி அது. அங்கே போடும் இன்சுலின் ஒருநாள் சேரும், ஒருநாள் சேராது. தொடை, கை என்று இடம் மாற்றச் சொல்லுங்கள். புது இடத்தில் மருந்து முழுசாக வேலை செய்யும் என்பதால் அளவைக் குறைக்க வேண்டிவரலாம். மாற்றும் முன் டாக்டரிடம் பேசுங்கள், முதல் சில நாள் அடிக்கடி சர்க்கரை பாருங்கள்.