ஆறு வாரம், எட்டுத் திருவிழா, ஒரு எக்செல்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் பயணக் கட்டுரைகளைக் கல்லூரிக் காலத்திலிருந்து படித்து வருகிறேன். வயது 26, சென்னையில் வேலை. பழைய வேலையை விட்டுப் புதியதில் சேர்வதற்கு நடுவில், ஜூன் பாதியிலிருந்து ஜூலை கடைசி வரை ஆறு வாரம் கிடைக்கிறது. நானும் கல்லூரித் தோழியும் பையை முதுகில் மாட்டிக்கொண்டு ஐரோப்பாவின் கோடைத் திருவிழாக்களைப் பார்த்துவரத் திட்டம் போட்டிருக்கிறோம். எக்செல்லை இணைத்திருக்கிறேன். சுருக்கமாக: ஜூன் 21 பாரிஸ் இசை நாள், 23 போர்ச்சுகலின் போர்ட்டோவில் சாவ் ஜோவாவ் தெருத் திருவிழா, 28 டென்மார்க்கில் ரோஸ்கில்டே இசை விழா, ஜூலை 2 இத்தாலியில் சியெனா குதிரைப் பந்தயம், 6 பாம்ப்லோனாவில் மாடு ஓட்டம், பிறகு பிரான்ஸில் அவின்யோன் நாடக விழா, 14 பிரெஞ்சு தேசிய நாளுக்குத் திரும்பவும் பாரிஸ், கடைசியாக பெல்ஜியத்தில் டுமாரோலேண்ட் மின்னணு இசை விழா. எட்டையும் பிடிக்க முடியுமா? பல நாட்டு ரயில்களுக்கும் சேர்த்து ஒரே சீட்டான யூரெயில் பாஸ் வாங்கலாமா? விசாவுக்கு, சுலபமாகக் கொடுக்கும் நாடாகப் பார்த்துப் போடு என்று நண்பர்கள் சொல்கிறார்கள், சரியா? அம்மா வேறு, "அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டையே பார்த்ததில்ல, ஸ்பெயினுக்குப் போய்த்தான் மாடு பார்க்கணுமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

க., சென்னை

அன்புள்ள க,

எக்செல்லைப் பார்த்தேன். கலரெல்லாம் போட்டு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் "இரவு தங்கல்" என்று ஒரு பத்தி வைத்திருக்கிறீர்களே, அதை மட்டும் மேலிருந்து கீழே ஒருமுறை படியுங்கள்: பஸ், விமான நிலையம், பஸ், ரயில், மறுபடி பஸ். பாரிஸ், போர்ட்டோ, கோபன்ஹேகன் பக்கம், சியெனா, பாம்ப்லோனா, இவை கண்டத்தின் ஐந்து மூலைகள். பதினாறு நாளில் ஐந்தையும் தொட்டுவிடலாம், தொடத்தான் முடியும்.

எட்டில் மூன்றை வைத்துக்கொள்ளுங்கள். போர்ட்டோ, சியெனா, அவின்யோன். பாரிஸ் இசை நாளைக் கொசுறாக வைத்துக்கொள்ளலாம், எப்படியும் எங்காவது இறங்கியாக வேண்டும், பாரிஸில் இறங்குங்கள். 1982இல் ஜாக் லாங் பண்பாட்டு அமைச்சராக இருந்தபோது தொடங்கியது அது, ஜூன் 21 அன்று யார் வேண்டுமானாலும் தெருவில் வாசிக்கலாம், டிக்கெட் கிடையாது, திட்டமும் தேவையில்லை, கால் போன பக்கம் நடந்தால் போதும்.

மற்றதை ஏன் வெட்டுகிறேன் என்றால், ரோஸ்கில்டே நல்ல விழாதான், லாபநோக்கம் இல்லாமல் நடப்பது, ஆனால் அது கூடாரம் போட்டு ஒரு வாரம் கிடக்க வேண்டிய இடம், அந்த வாரம் அப்படியே சியெனாவின் மேல் வந்து விழுகிறது. டுமாரோலேண்டுக்கு டிக்கெட் கையில் இல்லாமல் திட்டம் போடவே கூடாது, அதுவும் வந்த வேகத்தில் தீர்ந்துவிடும், தவிர அங்கே பார்ப்பது பெல்ஜியம் இல்லை, ஒரு மேடை. ஜூலை 14 பிரான்ஸ் முழுக்க நடக்கும், அவின்யோனிலேயே வாணவேடிக்கை உண்டு.

பாம்ப்லோனாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் பட்டியலில் அதற்குத்தான் சிவப்பு வண்ணம் அடித்திருக்கிறீர்கள். ஜூலை 6 நண்பகல் ராக்கெட் வெடித்து சான் ஃபெர்மின் தொடங்கும். 7 முதல் 14 வரை தினமும் காலை 8 மணிக்கு மாடு ஓட்டம், சுமார் 850 மீட்டர், இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். 1910 முதல் இதுவரை 16 பேர் செத்திருக்கிறார்கள், காயம் வருடாவருடம். அம்மாவிடம் அலங்காநல்லூரோடு ஒப்பிட்டுச் சமாதானம் சொல்ல நினைத்தால் வேண்டாம். காலையில் ஓடும் அதே மாடுகளை அன்று மாலை அரங்கில் வைத்துக் கொல்கிறார்கள், ஓட்டமே அரங்குக்குள்தான் போய் முடிகிறது. இன்னொன்று, இரண்டு பெண்களாகப் போகிறீர்கள் என்பதால் மறைக்காமல் சொல்கிறேன். 2016 சான் ஃபெர்மினில் ஓர் இளம்பெண்ணை ஐந்து பேர் கூட்டாகச் சேர்ந்து வல்லுறவு செய்தார்கள். கீழ்க்கோர்ட்டு அதை வல்லுறவு என்று சொல்லாததால் நாடே தெருவில் இறங்கியது, 2019இல் உச்ச நீதிமன்றம் வல்லுறவு என்றே தீர்ப்பளித்து 15 வருடம் கொடுத்தது, 2022இல் ஸ்பெயின் சட்டத்தையே மாற்றியது. அதற்கப்புறம் அந்த நகரம் திருவிழா நாட்களில் உதவி மையம், பிரசாரம் என்று நிறையச் செய்கிறது, பெண்கள் ஆயிரக்கணக்கில் போய் வருகிறார்கள். போகவே கூடாத இடம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முந்தின இரவு பஸ்ஸில் வந்து, பையை வைக்க இடமில்லாமல், பூங்காவில் தூங்கி, விடிகாலையில் பார்ப்பது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஏற்பாட்டோடு போகாதீர்கள்.

சரி, போர்ட்டோ. ஜூன் 23 இரவு ஊர் மொத்தமும் தெருவில் இருக்கும். பிளாஸ்டிக் சுத்தியலால் முன்பின் தெரியாதவர் தலையில் தட்டுவார்கள், நீங்களும் தட்டலாம், தட்டத்தான் வேண்டும். சுத்தியல் வருவதற்கு முன் நீளப் பூண்டுத்தண்டு மாதிரி ஒன்றால் தட்டினார்கள், இன்றும் பழைய ஆட்கள் அதைக் கொண்டுவருவார்கள். வீட்டு வாசலிலேயே அடுப்பு போட்டு மத்தி மீன் சுடுவார்கள், தெருவெல்லாம் புகை. நம் துளசி வகையறாச் செடி ஒன்றைச் சின்னத் தொட்டியில் வைத்து, அதில் நாலு வரிப் பாட்டு எழுதிச் செருகி விற்பார்கள். நள்ளிரவில் தோரு ஆற்றின் மேல் வாணவேடிக்கை. முடிந்ததும் பாதிக் கூட்டம் கடற்கரை வரை நடந்துபோய் விடியும்வரை உட்கார்ந்திருக்கும். எனக்கு இந்த மாதிரித் திருவிழாதான் பிடிக்கும், கம்பி வேலி இல்லை, கையில் கட்டும் பட்டை இல்லை, பாட்டியும் பேத்தியும் ஒரே தெருவில். 22ஆம் தேதியே போய்விடுங்கள், 24 அன்று ஊர் தூங்கும், நீங்களும் தூங்குங்கள்.

இப்போது சியெனா, இதற்காகத்தான் மற்றதையெல்லாம் வெட்டச் சொன்னேன். உங்கள் எக்செல்லில் "ஜூலை 2, மதியம் ஃபிளாரன்ஸிலிருந்து போய் இரவு திரும்புதல்" என்று இருக்கிறது. அப்படிப் போனால் வெயிலில் நாலு மணி நேரம் நின்று, ஒன்றரை நிமிடம் சில குதிரைகளின் காதைப் பார்த்துவிட்டு வருவீர்கள். பந்தயம் அவ்வளவுதான், ஊர் நடுவில் இருக்கும் திடலை மூன்று சுற்று. பார்க்க வேண்டியது அதற்கு முந்தின நான்கு நாட்கள்.

அந்த ஊர் 17 பேட்டைகளாகப் பிரிந்திருக்கிறது, வாத்து, நத்தை, ஆமை, கோபுரம், அலை, காடு, இப்படிப் பெயர்கள். ஒவ்வொரு பேட்டைக்கும் தனிக்கொடி, தனிக்கோயில், தனி அருங்காட்சியகம், குழந்தைக்கு நீர் தெளித்துப் பேட்டையில் சேர்க்கும் நீரூற்று. பல பேட்டைகளுக்குப் பரம்பரை எதிரியும் உண்டு, வாத்துக்குக் கோபுரம் ஆகாது. திடலில் பத்துக் குதிரைக்குத்தான் இடம், அதனால் முறை வைத்தும் குலுக்கல் போட்டும் பத்துப் பேட்டைகளைத் தேர்ந்தெடுப்பார்கள். எந்தப் பேட்டைக்கு எந்தக் குதிரை என்பதும் குலுக்கல்தான், அது ஜூன் 29 அன்று திடலில் எல்லார் முன்னாலும் நடக்கும். நல்ல குதிரை விழுந்த பேட்டைக்காரர்கள் கத்திக்கொண்டும் சிலர் அழுதுகொண்டும் அதை நடத்திப்போவார்கள், நொண்டிக் குதிரை விழுந்தவர்கள் முகத்தைப் பார்க்கவே வேண்டாம். அன்று மாலையிலிருந்து 2ஆம் தேதி காலை வரை ஆறு ஒத்திகை ஓட்டம். அவற்றுக்குக் கூட்டம் குறைவு, திடலின் நடுவில் நின்று நிம்மதியாகப் பார்க்கலாம், பேட்டைச் சிறுவர்கள் ஒருபக்கம் உட்கார்ந்து எதிரியை வைத்துப் பாடும் பாட்டைக் கேட்கலாம். 1ஆம் தேதி இரவு ஒவ்வொரு பேட்டையும் தன் தெருவில் நீள மேசை போட்டு விருந்து வைக்கும், வெளியாருக்கும் சில பேட்டைகள் காசு வாங்கிக்கொண்டு இடம் தருகின்றன. முன்கூட்டியே மெயில் போட்டுக் கேளுங்கள், இத்தாலிய மொழியில் போட்டால் பதில் வர வாய்ப்பு அதிகம்.

2ஆம் தேதி குதிரையைக் கோயிலுக்குள்ளேயே அழைத்துப்போய்ப் பாதிரியார் ஆசீர்வதிப்பார், "போ, வென்று வா" என்று. மாலையில் திடலுக்கு நடுவே நிற்பது இலவசம், ஆனால் கதவு அடைத்தபின் வெளியே வர முடியாது, கழிப்பறைக்கு வழியில்லை, நிழல் இல்லை, அதையெல்லாம் யோசித்துத் தண்ணீர் குடியுங்கள். ஒன்பது குதிரைகள் இரண்டு கயிறுக்கு நடுவில் வரிசை கட்டும், பத்தாவது பின்னாலிருந்து ஓடிவந்தால்தான் பந்தயம் தொடங்கும். அந்தப் பத்தாவது ஆள் தன் பேட்டைக்கு ஆகாதவன் முகம் திரும்பி நிற்கும் கணம் வரை காத்திருப்பான், நடுவில் குதிரைமேல் இருந்தபடியே ஒருவரோடு ஒருவர் பேரம் பேசிக்கொள்வார்கள், இது ஊரறிந்த வழக்கம், யாரும் மறைப்பதில்லை. சில வருடம் இதிலேயே ஒரு மணி நேரம் போகும், இருட்டிவிட்டால் மறுநாளைக்குத் தள்ளிவைப்பார்கள். அதனால்தான் 4ஆம் தேதி வரை அறை போடச் சொல்கிறேன். சேணம் கிடையாது, சவுக்கால் பக்கத்து ஆளையும் அடிக்கலாம், ஆள் விழுந்து குதிரை மட்டும் முதலில் வந்தாலும் வெற்றி வெற்றிதான். இரண்டாவதாக வருவதுதான் இருப்பதிலேயே பெரிய தோல்வி. திருப்பத்தில் அடிபட்டுக் குதிரைகள் செத்ததும் உண்டு, விலங்கு நேயர்கள் வருடந்தோறும் எதிர்க்கிறார்கள், எனக்கும் அந்த வளைவு வரும்போது வயிற்றைப் பிசையத்தான் செய்யும். உங்கள் தோழிக்கு அதைப் பார்க்க மனசு வராவிட்டால் கட்டாயப்படுத்தாதீர்கள், ஒத்திகையும் விருந்தும் அவருக்குப் போதும். ஒரு விஷயம், கடையில் விற்கும் பேட்டைத் துண்டை அழகாக இருக்கிறதென்று வாங்கிக் கழுத்தில் கட்டிக்கொண்டு எதிரிப் பேட்டைக்குள் போய் நிற்காதீர்கள்.

அங்கிருந்து அவின்யோனுக்கு அவசரமில்லாமல் போங்கள். ஃபிளாரன்ஸ், ஜெனோவா, கடலோரமாக நீஸ், மார்செய், எல்லாம் ரயில். 1947இல் ழான் விலார் போப் அரண்மனையின் முற்றத்தில் தொடங்கிய விழா, ஜூலை தொடக்கத்தில் ஆரம்பித்து மூன்று வாரம் நடக்கும். முற்றத்து நாடகத்துக்கு டிக்கெட் கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டாலும் குறையில்லை. 1966இல் ஆந்த்ரே பெனெதெத்தோ அழைப்பில்லாமல் தன் நாடகத்தைப் போட்டதிலிருந்து வளர்ந்த "ஆஃப்" விழாவில் இப்போது ஆயிரத்துக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகள். நடிகர்களே வேஷத்தோடு தெருவில் வந்து நோட்டீஸ் கொடுப்பார்கள், இரண்டு வரி நடித்தும் காட்டுவார்கள். பிரெஞ்சு தெரியாதென்றால் நடனம், பொம்மலாட்டம், சர்க்கஸ் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஊருக்குள் அறை விலை அநியாயம், ஆற்றுக்கு நடுவில் இருக்கும் தீவில் முகாம் இடங்கள் உண்டு.

விசா. இந்த நாடுகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே ஷெங்கன் விசாதான், ஆனால் சுலபமாகக் கொடுக்கும் நாடு என்ற பேச்சையே விடுங்கள். எந்த நாட்டில் அதிக நாள் இருக்கிறீர்களோ அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும், சமமாக வந்தால் முதலில் நுழையும் நாடு. என் திட்டப்படி பார்த்தால் பிரான்ஸ். இரவுகளை எண்ணிப் பாருங்கள், சியெனாவில் மனம் மாறி இத்தாலி நீண்டால் இத்தாலி. ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், ஏப்ரல் மே மாதங்களில் விசா மையத்தில் நேரம் கிடைப்பது குதிரைக்கொம்பு, மார்ச்சுக்குள் முடித்துவிடுங்கள். கட்டணம் 90 யூரோ, மறுத்தால் திரும்ப வராது. 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். உங்கள் விஷயத்தில் சிக்கல் வேலை மாற்றம்தான். பழைய அலுவலகத்து லீவு கடிதம் பொய்யாகிவிடும், புதிய கம்பெனியின் ஆஃபர் லெட்டரைச் சேரும் தேதியோடு வையுங்கள், முகப்புக் கடிதத்தில் நடுவில் இந்த ஆறு வாரம் ஏன் கிடைத்தது என்று நாலு வரியில் நேராக எழுதிவிடுங்கள். தங்குமிடங்களை ரத்து செய்யக்கூடிய வகையில் மட்டும் போடுங்கள்.

யூரெயில் பாஸ் உங்களுக்கு வேண்டாம். 27 வயது வரை சலுகை உண்டுதான், ஆனால் இந்தப் பாதையில் இரண்டு பயணம் விமானம், இத்தாலியின் சாதா ரயில்கள் மலிவு, பிரான்ஸின் அதிவேக ரயிலில் பாஸ் இருந்தாலும் தனியாக சீட்டுக்குக் காசு கொடுத்து முன்பதிவு செய்ய வேண்டும், அதிலும் பாஸ்காரர்களுக்கு ஒதுக்குவது கொஞ்சம்தான். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து என்று தினம் ஒரு ரயில் ஏறுகிறவர்களுக்கு அது லாபம். இத்தாலியில் காகிதச் சீட்டு வாங்கினால் நடைமேடையில் இருக்கும் இயந்திரத்தில் முத்திரை குத்தாமல் ஏறாதீர்கள், அபராதம் போடுவார்கள். மலிவு விமானங்களில் பை அளவுக்குத்தான் சண்டை, 40 லிட்டருக்கு மேல் பை வாங்காதீர்கள். விடுதியின் லாக்கருக்கு ஒரு பூட்டு.

ஜூலை 20க்குப் பிறகு பத்து நாள் காலியாக இருக்கிறதே என்று தோன்றும். காலியாகவே வையுங்கள்.

அம்மாவுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை, அவர் கேள்வி நியாயமானது. வேண்டுமானால் ஜெர்மனியின் ஹாம் நகரத்தைப் பற்றிச் சொல்லுங்கள். ஈழத்திலிருந்து அகதிகளாகப் போனவர்கள் அங்கே காமாட்சி அம்பாளுக்குக் கோபுரத்தோடு கோயில் கட்டி 2002இல் குடமுழுக்கு செய்தார்கள். பெரும்பாலும் ஜூனில் தேர், பக்கத்துக் கால்வாயில் தீர்த்தம், பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். உங்கள் பாதையில் அது இல்லை, இன்னொரு வருடம் அவரையே கூட்டிக்கொண்டு போக வேண்டிய திருவிழா அது.

முதலில் சியெனாவில் ஜூன் 28 முதல் ஆறு இரவுக்குப் படுக்கை தேடுங்கள், மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான் அமையும். ஊருக்குள் கிடைக்காவிட்டால் ஃபிளாரன்ஸ் ரயில் பாதையில் போஜிபோன்சி என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது, அரை மணி நேரம்தான், அங்கே பாருங்கள். பந்தய இரவு கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதை மட்டும் முதல் நாளே ஸ்டேஷனில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.